திரை கேட்ட முதல் கேள்வி

அருப்புக்கோட்டையில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த சாயப்பட்டறைக்குத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குள் இரண்டு புரோகிராம்கள். இரண்டுக்கும் நடுவே முப்பத்தொரு வித்தியாசங்கள். எண்ணியவன் நான்தான். அவற்றில் முப்பது வெறும் எரிச்சல். ஒன்று மட்டும் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

பட்டறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ள தறிகளுக்கு வேண்டிய பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுத்தோம். இருபத்தாறு தொட்டிகள். தண்ணீர்தான் எப்போதும் தலைவலி. பட்டறைக்குள் இருந்த போர் தண்ணீர் உப்பு. திருச்சுழி ரோட்டில் ஒரு கிணற்றிலிருந்து டேங்கர் லாரியில் வருவது கொஞ்சம் நல்ல தண்ணீர். ஒரே சாயப் பொடியை ஒரே அளவில் போட்டாலும் போர் தண்ணீரில் ஒரு பச்சை வரும், டேங்கர் தண்ணீரில் வேறொரு பச்சை வரும். அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் (நாங்கள் ஷேடு என்போம்) இரண்டு தண்ணீருக்கும் தனித்தனி அளவு வேண்டும். பொடி எத்தனை கிராம், உப்பு எவ்வளவு, சோடா எவ்வளவு, எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்பதெல்லாம் சாய மாஸ்டரின் நோட்டில் இருந்தது. அந்த நோட்டு பாதி நனைந்து, பக்கங்கள் ஒட்டி, ஏழு நிறத்தில் கறை பிடித்துக் கிடந்தது. மாஸ்டருக்கு அறுபத்து மூன்று வயது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நோட்டை யார் படிப்பது என்ற பயத்தில்தான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எனக்கு எல்லாப் பயமும் உண்டு.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் பெட்டி வந்து இறங்கியது. தூசி ஆகாது என்று பலகையும் கண்ணாடியும் வைத்து எட்டடிக்குப் பத்தடியில் ஒரு ரூம் அடைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். தொடக்க நாளன்று முதலாளி சூடம் காட்டி, திரைக்கு மேலே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். அவரை ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஷேடு அளவுகளை ஏற்றி வைக்கும் நிறப் புரோகிராமை எழுதிய மதுரைக்காரர் பக்கத்தில் நின்றார். திரையில் எல்லாமே ஆங்கிலம். புதுக் கோப்பு தொடங்கவா என்று அது கேட்டது. ஆம் என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்'.

"அண்ணாச்சி, ஒய் அமுக்குங்க" என்றார் மதுரைக்காரர்.

அண்ணாச்சி ஒற்றை விரலால் அமுக்கினார். பெட்டி ஒரு தடவை 'பீப்' என்றது. பதினான்கு பேர் நின்றிருந்தோம். பதினான்கு பேரும் கை தட்டினோம்.

பெட்டிக்கு முன்னால் உட்கார ஒரு அம்மா வந்தார். வயது முப்பத்தெட்டு. வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவர். கல்யாணத்துக்குப் பிறகு பதினைந்து வருஷம் நூல் சுற்றியவர். பஞ்சுத் தூசியில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. தறி இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் ஊரில் தறி இல்லாத பக்கம் எது? பட்டறையிலும் நூல்தான். தூசி இல்லாத இடம் அந்த எட்டடிக்குப் பத்தடி ரூம் ஒன்றுதான்.

"இங்கன உக்காந்தாத்தான் சார் எனக்கு மூச்சு முழுசா வருது" என்று வந்த மூன்றாம் நாள் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றிலிருந்து அவரைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. அவரை அண்ணாச்சி தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார். நிலைத்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது புரோகிராம் தறிகளுக்கானது. எந்த வீட்டுத் தறிக்கு எந்த நிறத்தில் எத்தனை கழி நூல் போயிருக்கிறது என்ற பட்டியல். அதை எழுதியவர் அண்ணாச்சியின் உறவுக்காரர். எழுதி முடித்த கையோடு பம்பாய் போய்விட்டார். ஆக, நிறம் ஒருவர் கைவேலை, தறி இன்னொருவர் கைவேலை. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் அந்த அம்மாவின் பத்து விரல்.

நிறப் புரோகிராமில் எஃப்-டூ கீயை அமுக்கினால் எழுதியது பத்திரமாகும். தறிப் புரோகிராமில் அதே எஃப்-டூ அந்த வரியை அழிக்கும். ஒன்றில் எஸ்கேப் என்றால் முந்தின திரைக்குப் போகும். இன்னொன்றில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வெளியே வந்துவிடும். ஒன்றில் நாள் முதலில், மாதம் அடுத்து. மற்றதில் மாதம் முதலில். தப்பாக அடித்தால் நிறப் புரோகிராம் பேசாமல் நிற்கும். தறிப் புரோகிராம் 'இல்லீகல் எண்ட்ரி' என்று பெரிய எழுத்தில் அதட்டும். முதல் தடவை அது வந்தபோது அந்த அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இல்லீகல்னா போலீஸு கேஸு மாதிரி ஏதும் ஆகுமா?"

"ஆகாதும்மா. எண்ணு போட வேண்டிய எடத்துல எழுத்தப் போட்டிருக்கீங்க. அம்புட்டுத்தான்."

"அதுக்கா இந்த வார்த்த? எங்க மாமியா கூட இப்படிப் பேசுனதில்ல சார்."

எந்தப் புரோகிராமில் இருக்கிறோம் என்பது கைக்கு மறந்துவிடுகிறது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தறிப் புரோகிராமுக்குள் போகும்போது இடது ஆள்காட்டி விரலில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றிக்கொள்வார். நிறத்துக்குத் திரும்பும்போது அவிழ்த்துவிடுவார். விரலில் சிவப்பு தெரிந்தால் கை எஃப்-டூ பக்கம் போகாது. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை சுற்றி, ஒன்பது தடவை அவிழ்ப்பார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அது எத்தனை நிமிட வேலை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

நூலால் தடுக்க முடிந்தது அவ்வளவுதான். விஜயதசமி கழிந்த மறுநாள் காலையில் அவர் பெட்டியைத் திறந்தபோது நிறங்கள் இல்லை. அதுவரை ஏற்றியிருந்த நூற்றுப் பதினெட்டு ஷேடும் போய்விட்டன. ஃபிளாப்பியில் இருந்த பிரதியும் காலி. மதுரைக்காரர் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டு, "ஆபரேட்டர் ஏதாவது மாத்தி அமுக்கியிருப்பாங்க" என்றார். அந்த அம்மா மறுக்கவில்லை. எஃப்-டூவும் எஸ்கேப்பும் அப்படி இருக்கும்போது யாரால் உறுதியாக மறுக்க முடியும்? மாஸ்டரின் நோட்டை வாங்கி மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினார்.

தைப் பொங்கல் கழிந்து வந்தோம். இருநூற்று எழுபத்து நான்கு ஷேடு போயிருந்தன.

மாசியில் சிவராத்திரிக்கு எல்லாரும் குலதெய்வம் கும்பிடப் போய்த் திரும்பினோம். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

மாஸ்டர் மட்டும்தான் சிரித்தார். "நான் நாப்பது வருசமா எதையும் மறக்கல. பொட்டி ஆறு மாசத்துல மூணு தடவ மறந்துருச்சு. வயசாயிருச்சு போல" என்றார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கண்ணாடி ரூமுக்குள் வந்து நின்று, நிதானமாகச் சொன்னார்.

"இந்தாம்மா, ஒன்மேல எனக்கு வருத்தமில்ல. ஒனக்கு இது வரல, அவ்வளவுதான். சித்திர ஒண்ணுக்குள்ள எல்லா நெறமும் உள்ள இருந்தா பாப்போம். இல்லேன்னா பொட்டிய எம் மருமகனுக்கு விருதுநகருக்கு அனுப்பிருவேன். ஒனக்கு சுத்துற எடத்துல வேல போட்டுத் தாரேன்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் சுற்றுகிற இடம் என்பது பஞ்சு பறக்கிற இடம். அந்த அம்மா "சரிங்க அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி போன பிறகு கொஞ்ச நேரம் மூக்கால் மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு நாள் தூங்கவில்லை என்றால் மிகையில்லை. பரளச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவன் நான். அந்தப் பயணம் முழுக்க இதே யோசனை. முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன். ஆவணியிலிருந்து மாசி வரை கரண்ட் போனது நூற்று நாற்பத்தேழு தடவை. நிறம் போனது மூன்று தடவை. பொருந்தவில்லை. எலியைச் சந்தேகப்பட்டு ரூமின் நாலு மூலையையும் தட்டிப் பார்த்தேன். ஃபிளாப்பியைச் சந்தேகப்பட்டேன். பம்பாய்க்குப் போன உறவுக்காரரைக் கூடச் சந்தேகப்பட்டேன். அங்கிருந்து அவர் என்ன செய்ய முடியும்? பிறகு டேங்கர் வந்த நாட்களை எழுதும் என் பேரேட்டை எடுத்து மூன்று நாட்களையும் பார்த்தேன். மூன்றும் நிறங்கள் காணாமல் போனது தெரிந்த நாள். மூன்றுக்கும் முந்தின நாளில் ஒரே குறிப்பு என் கையெழுத்தில் இருந்தது: 'பூஜை. அரை நாள். லாரி வேண்டாம் என்று சொல்லியாயிற்று.'

அதையும் வைத்துக்கொண்டு நான் எங்கேயும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தவர் அந்த அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் அவர் கீபோர்டைத் துடைப்பார். தீக்குச்சி முனையில் துணியைச் சுற்றி ஒவ்வொரு கீயின் இடுக்கிலும் விட்டு எடுப்பார். அந்த வெள்ளிக்கிழமை கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க பாருங்க. இந்த ஒரு கீயில மட்டும் மஞ்சளா இருக்கு."

'ஒய்' கீ. அதன் பக்கவாட்டில் காய்ந்த சந்தனம். மற்ற எந்தக் கீயிலும் இல்லை. நூற்றிரண்டு கீயையும் நான் குனிந்து பார்த்தேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. திரையின் உச்சியில் இருந்த சந்தனப் பொட்டைத்தான் பார்த்தோம்.

எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் நல்ல நாளில் எதைத் திறந்தாலும் முதலாளியின் கைதான் முதல் கை. விடிந்ததும் சூடத் தட்டோடு வந்து தராசைத் தொட்டு, முதல் தொட்டிக்குத் தீ வைத்து, நோட்டில் முதல் எழுத்து எழுதிவிட்டுப் போவார். நாங்கள் வருவதற்குள் அவர் போயிருப்பார். சுண்டலை வாங்கிக்கொண்டு நாங்களும் வீட்டுக்குப் போவோம். இன்னொன்றும் உண்டு. காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். முதல் ஆள் கேட்கிற சரக்கு கடையில் இல்லாவிட்டால் 'நாளைக்கு வருது' என்பார்கள், 'சாயந்தரம் வாங்க' என்பார்கள், பேச்சை மாற்றி வேறு எதையாவது எடுத்துக் காட்டுவார்கள். வாயால் இல்லை என்று மட்டும் வராது. அப்படிப்பட்டவர் நல்ல நாளும் அதுவுமாக ஒரு பெட்டியைத் திறக்கிறார். அது, புதுக் கோப்பு தொடங்கவா, ஆமா இல்லையா என்று முதல் கேள்வி கேட்கிறது. அவர் எதை அமுக்குவார்?

புதுக் கோப்புக்கு அந்தப் புரோகிராம் பழைய பெயரையே வைத்தது. அதனால் புதியது பிறந்தால் பழையது போயிற்று. பூஜை முடிந்து அவர் வெளியே வரும் கீயை அமுக்கியதும் அது ஃபிளாப்பியில் தானாகவே பிரதி எடுத்தது. காலிக் கோப்புக்குக் காலிப் பிரதி. தறிப் புரோகிராமின் முதல் கேள்வி 'தொடரவா' என்பது. அங்கே 'ஒய்' அமுக்கினால் ஒன்றும் போகாது. அதனால்தான் தறிப் பட்டியல் ஒரு தடவை கூட அழியவில்லை. என் முப்பத்தொன்றாவது வித்தியாசம் அதுதான். அன்றைக்குத்தான் என் நோட்டில் ஏறியது.

"நீங்க தெனமும் என்ன அமுக்குறீங்க?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"நான் 'என்' தான் சார். மொத நாளே மதுரைக்காரர் எனக்குச் சொல்லிக் குடுத்துட்டாரே. அண்ணாச்சிக்குச் சொன்னது ஒய்யி, எனக்குச் சொன்னது என்னு."

"நான் போய்ச் சொல்லிர்றேன் அவுககிட்ட."

"வேண்டாம் சார்."

"ஏம்மா, உங்க தப்பில்லன்னு தெரியணும்ல?"

"நல்ல நாள்ல வச்ச கையால போச்சுன்னு சொன்னா அவுக மனசு என்ன பாடுபடும்? அப்பறம் என்னயப் பாக்குறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வரும். தப்பு என்மேல இல்லன்னு ஆயிரும், ஆனா நான் இங்க இருக்க மாட்டேன்."

அவர் சொன்னது சரி. அப்படியானால் மாற வேண்டியது பெட்டிதான். அண்ணாச்சியின் விரலை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அன்று மத்தியானமே நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, திரைகள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். இருபத்து மூன்று விதி ஆயிற்று. ஒரு கீ இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும். எங்கே இருக்கிறோம் என்பதை எப்போதும் மேல் வரியில் சொல்ல வேண்டும். விரலில் நூல் சுற்ற வைக்கக் கூடாது. அழிப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்கும்போது எத்தனை அழியும் என்ற எண்ணையும் சொல்ல வேண்டும். ஆளைத் திட்டக் கூடாது. என்ன செய்தால் சரியாகும் என்று சொன்னால் போதும். பதினெட்டாவது விதிதான் முக்கியம்: திறந்தவுடன் கேட்கும் முதல் கேள்விக்கு ஆம் என்று சொன்னால் யாருக்கும் எதற்கும் கெடுதல் வரக் கூடாது.

மதுரைக்காரர் அடுத்த வாரம் வந்தார். முப்பது வயதுக்கு மேலிருக்கும், கெட்டிக்காரர், கொஞ்சம் சுருக்கென்று கோபம் வரும். நோட்டை நின்றுகொண்டே புரட்டினார்.

"சார், புரோகிராம் சரியாத்தான் இருக்கு. 'என்' அமுக்குனா முடிஞ்சது. இதுக்குப் போயி இருபத்து மூணு ரூலா?"

"அமுக்க மாட்டாகளே."

"சொல்லிக் குடுங்க."

"எட்டுத் தலமொறையா சொல்லிக் குடுத்தத நான் ஒரு மத்தியானத்துல மாத்த முடியுமா?"

"அப்ப அண்ணாச்சிக்காக நான் புரோகிராம மாத்தணும். மாஸ்டருக்காக ஒண்ணு மாத்தச் சொல்லுவீங்க. நாளைக்கு லாரி டிரைவருக்காக ஒண்ணு."

அந்த அம்மா டைப் அடித்துக்கொண்டே திரும்பாமல் கேட்டார். "சார், நீங்க காலையில வீட்ட விட்டுக் கெளம்பும்போது என்ன சொல்லிட்டு வருவீங்க?"

"என்ன சொல்வேன், போயிட்டு வாரேம்பேன்."

"போறேன்னு சொல்ல மாட்டீங்களா?"

"எங்கம்மா அடிக்க வரும்."

"உங்கம்மாவுக்காக நீங்க மாத்திக்கிட்டீங்கள்ல. பொட்டி மட்டும் ஏன் சார் வெடுக்குனு பேசணும்?"

மதுரைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு நோட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் படிக்கவே ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். ஒன்பதாவது விதியில் ஒரு தப்பைக் காட்டினார். நாலாவதும் பன்னிரண்டாவதும் ஒன்றுக்கொன்று முட்டுகிறது என்றார். முட்டத்தான் செய்தது. அன்று அவர் கடைசி மதுரை பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில்தான் போனார். பம்பாய்க்காரர் விட்டுப்போன ஃபிளாப்பியையும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டையும் சேர்த்தே மாற்றினால்தான் ஒத்துப்போகும் என்றார். இதை நான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், அவரே சொல்லிவிட்டார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து மவுஸ் வைத்த புதுப் பெட்டி வந்தபோது அவர்தான் சொன்னார், வெளிநாட்டில் பெரிய கம்பெனிகள் இதே மாதிரி விதிகளைத் தலையணை கனத்துக்குப் புத்தகமாகப் போட்டு, இப்படித்தான் எழுத வேண்டும் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறார்களாம். அதனால்தான் எந்தப் புரோகிராமைத் திறந்தாலும் இடது பக்க மூலையில் அதே சொல், அதே வரிசை. அந்த அம்மா இரண்டே நாளில் பழகிவிட்டார். அந்தப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பக்கத்தை எண்ணியிருப்பேன். யாரோ முகம் தெரியாத ஆட்களுக்கும் இதே கவலை இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நான் ஒருத்தன்தான் இப்படி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரைக்குத் திரும்புகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு ஷேடு ஏற வேண்டும். கையில் இருந்தது முப்பத்து மூன்று வேலை நாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைக்குச் சற்றுக் குறைவு. பதின்மூன்று என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு ஷேடுக்கும் திரையில் இருபத்திரண்டு கட்டம். மாஸ்டரின் நோட்டில் ஒட்டிப்போன பக்கங்களை நான் ஆவி காட்டிப் பிரித்துக் கொடுப்பேன், அந்த அம்மா அடிப்பார். எண்களைத் தெலுங்கில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடிப்பார். பங்குனி நடுவில் புதுப் புரோகிராம்கள் வந்தன. எஃப்-டூ இரண்டிலும் பத்திரப்படுத்தியது. மேல் வரியில் ஒன்றில் நிறம் என்றும் மற்றதில் தறி என்றும் ஆங்கிலத்தில் பெரிதாக நின்றது. முதல் நாள் பழக்கத்தில் சிவப்பு நூலைச் சுற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் மறந்துபோனார். நான் ஞாபகப்படுத்தவில்லை. பங்குனி இருபத்தெட்டில் நானூற்றுப் பன்னிரண்டாவது ஷேடு ஏறியது.

சித்திரை ஒன்று அன்றைக்கு வழக்கத்தை மீறி நாங்களும் விடிவதற்குள் வந்துவிட்டோம். நான் முந்தின நாள் ஊருக்கே போகாமல் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கிவிட்டேன். முதல் பஸ் பழுதாகிவிட்டால் என்ன செய்வது? மதுரைக்காரரும் வந்திருந்தார். கேட்டால் கோவிலுக்கு வந்தேன் என்றார்.

அண்ணாச்சி தராசைத் தொட்டார். தொட்டிக்குத் தீ வைத்தார். சூடத்தோடு கண்ணாடி ரூமுக்குள் வந்து, திரைக்குச் சந்தனம் வைத்து, அதே விரலோடு அந்த அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம். திரை கேட்டது: நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரவா?

அவர் அதைப் படிக்கவில்லை. 'ஒய்' அமுக்கினார். 'பீப்' என்றது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு என்று மேல் வரியில் வந்தது. கீழே நிறங்களின் பெயர்கள் வரிசையாக இறங்கின. எனக்கு அப்போதுதான் கால் தரையில் பட்டது.

அண்ணாச்சி திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"இது என்ன, இம்புட்டு எழுத்து கெடக்கு?" என்றார்.

பெயர்களை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"விசயதசமிக்கு நான் அமுக்குனப்ப சுத்தமா வந்துச்சே. புது நோட்டு மாதிரி. தைக்கும் அப்படித்தான். நல்ல நாளுக்கு அதுவே தொடச்சு வச்சுக்கிதுன்னுல்ல நெனச்சேன்."

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் மெதுவாகிவிட்டது. சூடம் தட்டில் எரிந்துகொண்டிருந்தது. அவர் தன் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மூணு தடவையும்..."

"புரோகிராம்ல கோளாறு அண்ணாச்சி. நான் கேள்விய மாத்திக் கேட்டுட்டேன். இப்ப சரி பண்ணியாச்சு" என்றார் மதுரைக்காரர். சுருக்கென்று கோபம் வருகிற ஆள். அன்றைக்கு அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அண்ணாச்சி அவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"சிவராத்திரி கழிஞ்சு தெரியும் அண்ணாச்சி."

"ஏன்த்தா சொல்லல?"

"மொதக்கை வச்சவுககிட்ட என்னன்னு சொல்ல?"

"அதுக்கு மறுபடி எல்லாத்தையும் நீயே அடிச்சியா?"

"நானூத்திப் பன்னெண்டு" என்று நான் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினார். தூசி ஒன்றும் இல்லை. அந்த ரூமில் எங்கே தூசி?

"உக்காருத்தா. ஒன் எடம் இது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்டோர்காரரே, இன்னையிலேருந்து அவுக பேர மஸ்டர்ல நிரந்தரம்னு எழுதிருங்க. பென்சில்ல எழுதாதீங்க" என்றார்.

"சரிங்க அண்ணாச்சி."

"மருமகனுக்கு வேற பொட்டி பாத்துக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சூடத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் செருப்பைத் தேடி, முதலில் என் செருப்பில் காலை விட்டு, பிறகு தன்னுடையதைப் போட்டுக்கொண்டு போனார்.

நான் மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டை எடுத்து இங்க் பேனாவால் எழுதினேன். மை காய்கிற வரை மூடவில்லை. அதற்குள் மாஸ்டர் ஈரக் கையோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். சித்திரைக்கென்று அவர் புதிதாகப் போட்டுப் பார்த்த ஒரு மாந்தளிர் நிறம். துண்டு நூலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"எழுதிக்கிறியாத்தா? டேங்கர் தண்ணிக்கு மட்டும் இப்ப சொல்றேன். போருக்குச் சாப்பாட்டுக்கு அப்பறம்."

"உள்ள வராதீங்க, ஈரம். அங்கன நின்னே சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. மாஸ்டர் வெளியே நின்று சொல்லச் சொல்ல அவர் இருபத்திரண்டு கட்டத்தில் பாதியை நிரப்பி, யோசிக்காமல் எஃப்-டூ அமுக்கினார். மேல் வரியில் எண் நானூற்றுப் பதின்மூன்று ஆனது.